பல்கனி ஜன்னலில் தட்டியவன்

பிரவீனனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூன்றாம் மாடி பல்கனியில் பனிக்குள் சுருண்டு கிடந்தவனைக் கண்டுபிடித்து உள்ளே இழுத்தவன் அதே வீட்டில் தங்கியிருந்த கீதன். அம்புலன்சுக்கு போன் அடித்ததும் அவன்தான். ரொறன்ரோவில் அன்று மைனஸ் பதினெட்டு. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை பல்கலைக்கழகப் பாதுகாப்பு அதிகாரி யூஜினி அந்த ஃப்ராட் வீட்டுக்கு வந்தாள். கழகமொன்றின் மாணவர்கள் சேர்ந்து குடியிருக்கும் பழைய செங்கல் வீடு. பிரவீனன் அதில் புதிதாகச் சேர வந்தவன். தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை அங்கே ஒளிக்காதவன்; வீட்டுக்கு மட்டும் இன்னும் சொல்லாதவன்.

கழகத் தலைவன் றோய் வாசலிலேயே மறித்தான்.

"அது அக்சிடென்ற், அன்ரி. புகைக்கப் போயிருப்பான். கதவு தானா லொக் பட்டிருக்கும்."

யூஜினி மேலே ஏறினாள். பல்கனிக்கு வெளிப்பக்கம் திறக்கும் அகலமான மரக்கதவு. உள்ளே, கையால் தள்ளிப் போடும் தாழ்ப்பாள். அது தானாக விழ வழியே இல்லை! பக்கத்துக் குளியலறைக் கதவில், இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் குழாயைத் திருகினாள். உறைந்துபோன குழாய், சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரவீனன் மெல்லப் பேசினான்.

"மேல, பல்கனிக்குப் பக்கத்து ரூமில தனிய இருந்தனான், அன்ரி. வெளியில இருந்து ஆரோ பல்கனி ஜன்னல்ல தட்டினது கேட்டுது. கதவைத் திறந்து போய்ப் பாத்தன், ஒருத்தரும் இல்லை. பின்னால கதவு அடிச்சுச் சாத்திச்சு. கத்தினன். கீழ ஹொக்கி மட்ச் சத்தம்..."

யூஜினி மறுபடியும் ஃப்ராட் வீட்டுக்கு விரைந்து றோயைப் பிடித்தாள்.

"அவனை நக்கலடிச்சனீர், என்ன?"

"நகத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவன் எங்கட ஹவுசுக்குச் சரிவராது எண்டனான்தான்," என்றான் றோய். "ஆனா நான் சோபாவால எழும்பவேயில்லை."

"நீர், கீதன்?"

"மேல என்ர ரூமில அசைன்மென்ற் செய்தனான். பிறகு பீட்சா சாப்பிட இறங்கி வந்தன். அவனைத் தேடிப் போகுமட்டும் பல்கனிப் பக்கமே போகேல்லை."

முதல்நாள் இரவு விருந்தாளியாக வந்து தங்கியிருந்த ஸ்டெபனி தலையாட்டினாள். "ஓம், றோய் அசையேல்லை. கீதன்தான் படியால வந்து என்னில முட்டி என்ர கோக்கை ஊத்தினவன். 'சொறி, சொறி' எண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சேர்ட்டால தன்ர மூக்குக்கண்ணாடியைத் துடைச்சவன்."

"பிரவீனனைத் தூக்கின பிறகோ?"

"இல்லை. அதுக்குக் கனநேரம் முந்தி."

யூஜினி எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள்.

"ஜன்னல்ல தட்டினவன் வெளியிலதான் நிண்டிருக்க வேணும். பிரவீனன் திறந்த கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு, அவன் தாண்டிப் போனதும் உள்ள பாய்ஞ்சு தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறான். அந்தக் குளிருக்கால சூடான வீட்டுக்க வந்தா மூக்குக்கண்ணாடிக்கு என்ன நடக்கும், கீதன்?"

கீதனின் கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"ஆவி படிஞ்சு வெள்ளையாப் புகார் பிடிக்கும். அதான் ஸ்டெபனி நிண்டது உமக்குத் தெரியேல்லை."

"நான்... நான் குளிச்சிட்டு வந்தனான். அந்த ஆவி!"

"மேல குழாய் ரெண்டு நாளா உறைஞ்சு கிடக்குது, தம்பி."

கீதன் கதிரையில் சரிந்தான். "அஞ்சு நிமிசம் பயப்படுத்தினா சேராமல் ஓடியிடுவான் எண்டு நினைச்சன். மட்ச் சூடு பிடிச்சுது... மறந்திட்டன். ஆனா காப்பாத்தினதும் நான்தானே?"

"நீர் பூட்டின கதவை நீர் திறந்தனீர். அதுக்குப் பேர் காப்பாத்திறது இல்லை."

பொலிஸ் அவனைக் கொண்டுபோனது. அன்றே பல்கலைக்கழகம் அந்தக் கழகத்தை இடைநிறுத்தியது.

மாலையில் யூஜினி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். "கேஸ் போட்டா பேர் வெளியில வரலாம், பிரவீனன். உம்மைப் பற்றி உம்மட வீட்டுக்கும் தெரியவரும்."

கட்டுப்போட்ட விரல்களை அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போடுங்கோ அன்ரி. அம்மாவுக்கு நானே இப்ப போன் எடுத்துச் சொல்லுறன்."