முகத்தைத் தின்ற கட்டில்

"ஐயோ... என் மூக்கு!"

ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டே அதிர்ந்தது!

ஏழாம் கட்டில் சன்னாசி கையில் கண்ணாடி. குடலிறக்க ஆப்பரேஷனுக்கு வந்த மனுஷர். வயிறு ஆறிவிட்டது. மூக்கு கத்தரிக்காயாய் வீங்கிவிட்டது!

அதே கட்டிலில் இவருக்கு முன் படுத்த விக்னேஸ்வரனுக்குக் காது வீங்கியது. அதற்கும் முன் தனேஸ்வரனுக்குக் கன்னம்!

கிருமி டாக்டர் ஸ்கந்தராஜா விரிப்பை உரித்தார்.

மெத்தையின் கால் பக்கம் உறை கிழிந்து... உள்ளே மஞ்சளாய் ஊறி... குப்பென்று நாற்றம்!

"முன்னால பத்துமலைன்னு ஒரு சர்க்கரைப் புண்காரர் அசைய முடியாமப் படுத்திருந்தாரே... அவர் கால் சீழ்! மூணு பேருக்கும் அதே கிருமிதான்!"

"கால்ல இருந்த கிருமி மூக்குக்கு எப்படி வந்துச்சி டாக்டரு? ஏணி வச்சா ஏறுச்சி?" சன்னாசி சீறினார்.

படித்தவனுக்குப் பதில் இல்லையென்றால் கூலிக்காரன் மேல்தான் சந்தேகம் வரும்!

கட்டில் விரிக்கும் குமுதா பக்கம் திரும்பினார்.

"பழைய விரிப்பையே தலைமாடு கால்மாடா மாத்திப் போட்டியா?"

"சத்தியமா இல்ல டாக்டர்! தினம் புதுசுதான் போடுறேன்லா!"

"நாளைக்குள்ள உண்மை தெரியாட்டி உனக்கு வேலை இல்ல!"

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு டாக்டர்..." குமுதா அழுதுவிட்டாள்.

மறுநாள் புது மெத்தை வந்தது. சன்னாசி எட்டாம் கட்டிலுக்குப் போனார். பித்தப்பைக் கல்லோடு சுங்கை சிப்புட் ஊர்க்காரர் சீனி ஏழாம் கட்டிலுக்கு வந்தார்.

குமுதாவைக் கையும் களவுமாய்ப் பிடிக்க டாக்டர் திரைக்குப் பின்னால் பதுங்கினார்!

குமுதா சலவை விரிப்பைப் போட்டாள். தலையணையைச் சரியாக வைத்தாள். போய்விட்டாள்.

சே!

அப்போது... சீனி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலையணையைத் தூக்கிக் கால் பக்கம் போட்டார். சுழன்று படுத்தார்!

"பிடிச்சிட்டேன்!"

டாக்டர் பாய்ந்தார். திரையும் கூடவே வந்து தலையைச் சுற்றிக்கொண்டது!

"அம்மாடி! பேய்!"

"பேய் இல்லய்யா, டாக்டர்! ஏன் தலைகீழா படுக்கிற?"

"வடக்க தலை வச்சிப் படுத்தா ஆயுசு போயிடும் டாக்டரு! போச்சின்னா நீங்களா தருவீங்க?"

"நர்ஸ் ஒருத்தரும் பாக்கலயே?"

எட்டாம் கட்டில் சன்னாசி நெளிந்தார். "நர்ஸ் மிஸ்ஸி வர்ற சத்தம் கேட்டா திரும்பிக்குவோம்லா... நாங்க எல்லாருமே அப்படித்தான்."

"சாவுக்குப் பயந்து சீழ்ல மூக்க வச்சீங்களா!" டாக்டர், சத்தம் கேட்டு ஓடிவந்த குமுதாவிடம் திரும்பினார். "மன்னிச்சிரு பிள்ளை."

"மன்னிப்பு இருக்கட்டும் டாக்டர். முதல்ல தலையில இருக்கிற திரைய எடுங்க!"

கட்டிலின் தலையைத் தெற்கே திருப்பினார்கள். சீனி நிம்மதியாய்க் குறட்டை விட்டார். குணமாகிப் போனார்.

அடுத்து வந்தவர் மீன் மார்க்கெட் சீனர் லிம்.

டாக்டர் எட்டிப் பார்த்தார்... அலறினார்!

லிம் தலைகீழாய்ப் படுத்திருந்தார்!

"அங்கிள்! இப்ப தெற்குதானே?"

"தெக்கு வடக்கு நமக்கு தெரியாது லா! கால் வாசல பாத்தா அது பொணம்! நான் பொணமா?"

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குமுதா சிரித்தாள். "கட்டிலுக்குச் சக்கரம் இருக்குல்ல டாக்டர்? ஆளப் பாத்து நான் சுத்தி விடுறேன். நீங்க என் சம்பளத்த மட்டும் மேல் பக்கமா சுத்தி விடுங்க!"