சொன்ன பேச்சு கேட்கும் தகடு

அலுமினியத் தகட்டில் ஈ உட்காராது. வெல்லத்தில் உட்காரும், மீனில் உட்காரும், ஆறாத புண்ணில் உட்காரும். நாற்பத்திரண்டு வருஷமாகத் தகடு தட்டிப் பிழைக்கும் சாலமோனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, தானே தட்டி முடித்த காரின் வலது விலாவில் ஒன்பது ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், எவனோ டீயைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கிட்டே போனார்.

டீ இல்லை. தகடு சுத்தமாக இருந்தது. தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார். ஈக்கள் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. சும்மா உட்காரவில்லை. வாயை ஊன்றி உறிஞ்சின.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசி வரிசையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஷெட் இருந்தது. ஷெட்டும் காரும் ப்ரஹ்லாத்துடையவை. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கு ஒரே பைத்தியம்தான். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ வெள்ளைக்கார நாட்டில் ஓடிய ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை, பழைய போட்டோக்களைப் பார்த்து அச்சு அசலாகக் கையாலேயே கட்ட வேண்டும். கட்டி, அந்த ரகக் கார் எதுவும் தொடாத வேகத்தைத் தொட வேண்டும். அசல் கார் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. எட்டு மாதமாக மரத்தில் கூடு செய்து, தகட்டை மணல் மூட்டையில் வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் குழித்து, கூட்டின்மேல் பொருத்தி, மூக்கிலிருந்து வால் வரை பதினாலு அடியையும் சாலமோன்தான் தட்டினார். இன்று ஒரு மணிக்கு, வேகத்தை அளக்கிற ஆட்கள் முன்னால், ஆலைகளுக்குப் பின்னால் போகும் நேர் சாலையில் கார் ஓடப் போகிறது. ஓட்டப் போகிறவன் ஸ்டீபன். கார் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் டிரைவர். சாலமோனின் ஒரே மகன்.

ஈ மொய்த்த அந்த விலா, ஸ்டீபன் உட்காரும் குழிக்கு நேர் பக்கவாட்டில் இருந்தது.

அந்தத் தகடு எங்கிருந்து வந்தது என்பது சாலமோனுக்கு மட்டும்தான் தெரியும். ப்ரஹ்லாத் வாங்கிக் கொடுத்த புதுத் தகடு அந்த வளைவில் இரண்டு தடவை விரிசல் விட்டுவிட்டது. சாலமோன் எதையும் நம்புகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பில்லோடு வரும் புதுத் தகடு என்றால் அவருக்கு இன்னும் சந்தேகம். பழைய தகடுதான் சொன்ன பேச்சு கேட்கும் என்பார். ஆகவே யாரிடமும் சொல்லாமல் உருக்காலைப் பக்கம் போனார். கப்பலில் வந்த வெளிநாட்டு ஸ்கிராப்பை அங்கே மலையாகக் குவித்திருந்தார்கள். அதைக் கிளறி, நாலாக மடிந்து நசுங்கிக் கிடந்த ஒரு பெரிய அலுமினியத் தகட்டை இழுத்து வந்தார்.

மடிப்பைப் பிரித்தபோது உள்ளே கஞ்சி ஆடை போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு மஞ்சள். அங்கங்கே குட்டை மயிர். எலி நசுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சோப்புத் தூள் கலந்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டார். மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்தால் தண்ணீர் சூப்பு மாதிரி கெட்டியாகி, மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. சாக்கடையில் கவிழ்த்தார். எங்கிருந்தோ நாய்கள் வந்து அந்தச் சாக்கடையின் சிமெண்டைக்கூட விடாமல் நக்கின.

பிறகு தகட்டை இளக்க வேண்டும். துணி சோப்பைத் தடவி, சோப்பு பழுப்பாகும் வரை கேஸ் டார்ச்சால் வாட்டினால் அலுமினியம் இளகிவிடும். எல்லாத் தட்டுமேஸ்திரிகளும் செய்வதுதான். வாட்டியபோது சோப்பு வாசனை வரவில்லை. கறி வறுபடும் வாசனை வந்தது. ஆபீஸ் அறையிலிருந்து ப்ரஹ்லாத் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தார்.

"சாலமோன், ஷெட்டுக்குள்ள நான்-வெஜ் வேணாம்னு சொல்லியிருந்தேன் இல்ல? உங்க சாப்பாட்டுல நான் தலையிடல. கொஞ்சம் வெளில வெச்சுக்கோங்களேன், ப்ளீஸ்."

கறி இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சரி சார்" என்று தலையை ஆட்டினார். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்த வாசனைக்கு அவர் வாயில் எச்சில் ஊறியது. இரண்டு வேளை சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஆனால் தகடு சொன்ன பேச்சு கேட்டது. இருபது அடி அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடி போதுமாயிருந்தது. சில சமயம் கொட்டாப்புளி தொடுவதற்கு முன்பே வளைந்த மாதிரிகூட இருந்தது. வேலை முடிந்தால் போதும் என்று அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

இப்போது ஈக்களை விரட்டிவிட்டு உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பு. வெயில் அந்தப் பக்கம் வரவே வராது. இடது விலாவைத் தட்டினார், டங் என்றது. வலது விலாவைத் தட்டினார். தொப். தொடையில் அடித்த சத்தம். கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்று, மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்து நிரம்பியது. நீர் கோத்த காலை அழுத்தினால் நிரம்புமே, அப்படி. விரலை மோந்து பார்த்தார். நாலு நாள் மாற்றாத கட்டுத் துணி வாடை.

வாசலுக்குப் போய்த் துப்பினார். எதிரே ஆலைப் புகை காற்றில்லாமல் அப்படியே நின்றது. ஆரம்பாக்கம் பக்கமாக ரயில் போகும் சத்தம் வந்தது. உள்ளே திரும்பினார். எட்டு மாதம் போனாலும் போகட்டும். இந்தத் தகடு என் மகன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"டேய் லோகு, வலது சைடு ரிவிட்டு எல்லாத்தையும் எடுத்துடு."

வெல்டர் லோகுவுக்கு ஐம்பது வயது. சாலமோனோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன். பீடியைக் காதில் செருகிக்கொண்டே வந்தான்.

"இன்னா மேஸ்திரி, வெயில்ல கழண்டுகிச்சா? இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி ரோட்டுக்குப் போவணும்."

"எடுன்னா எடுடா."

"நீ தட்டுன தகடு. நீயே அட்ச்சுகினு நீயே புடுங்குறியா? சாருக்கு யார் பதில் சொல்றது?"

அந்த சார் அப்போது வாசலில் வந்து நின்றார். பின்னால் ஹெல்மெட்டைச் சுழற்றிக்கொண்டு ஸ்டீபன். முகம் முழுக்கச் சிரிப்பு. சாலமோன் மகனைப் பார்க்கவில்லை. ப்ரஹ்லாத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சார், அந்தத் தகடு நீங்க வாங்கினது இல்ல. ஸ்கிராப்பு. நான்தான் கொண்டாந்தேன். ரெண்டு நாள் குடுங்க, மாத்திடறேன்."

ப்ரஹ்லாத்தின் முகம் சுருங்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு?" காரைச் சுற்றி வந்தார். "சரி, ஓடும்போது பிச்சுக்குமா? தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும் சார். அதான் எனக்குப் பயமே."

"தாங்கும்னா அப்புறம் என்ன? அளக்கறவங்க மெட்ராஸ்லேர்ந்து வந்து வெயில்ல நிக்கறாங்க. ஒரே ஒரு ஓட்டம். சாயந்திரமே கழட்டிடுங்க."

"அதுல உயிர் கீது சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. லோகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஸ்டீபன் அப்பாவின் தோளில் கையைப் போட்டான்.

"இன்னா நைனா, காலைலேயே போட்டுகினியா? கட்டையில போற வரைக்கும் நீ எதையும் நம்பமாட்ட. உன் கையையாவது நம்பேன்."

"உக்காராதடா ஸ்டீபா."

"உக்காராம ஓட்டறதுக்கு இன்னா சைக்கிளா?"

ப்ரஹ்லாத் வெளியே அளக்கிற ஆட்களிடம் போனார். கரண்ட் இல்லாததால் லோகு ஜெனரேட்டரைப் போட்டான். தடதடவென்று ஷெட்டின் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. சாலமோன் எட்டிப் பிடிப்பதற்குள் ஸ்டீபன் ஒரு காலை உள்ளே விட்டு, மறு காலையும் விட்டு, குழிக்குள் சறுக்கி இறங்கிவிட்டான்.

"ஐயே, சூப்பரா கீது நைனா. தெச்ச சொக்கா மாதிரி. ஜில்லுனு இருக்கும்னு பாத்தேன். வெதவெதன்னு கீது."

சாலமோன் ஓடி வந்து மகனின் தோளுக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே கையை விட்டார். இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் தட்டியிருந்தார். அளந்துதான் தட்டியிருந்தார்.

கை போகவில்லை.

"எழுந்திரு."

"இருப்பா."

"எழுந்திருடான்றேன்!"

ஸ்டீபன் இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி உந்தினான். தோள் எழும்பியது. அதோடு விலாவும் எழும்பியது. கார் முழுவதும் மூச்சை இழுத்த மாதிரி ஒரு விரல் அளவு உப்பி, மறுபடி அமர்ந்தது. ஸ்டீபன் சிரித்தான். "இன்னாமோ புடிச்சிகினு கீது, நைனா. பெல்ட்டா?"

பெல்ட் இன்னும் போடவில்லை.

இரண்டு தகடு சேரும் இடத்தை எவ்வளவு தேய்த்து மறைத்தாலும், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் சாலமோனின் விரல் இணைப்பைக் கண்டுபிடித்துவிடும். எங்கே சேர்கிறதோ அங்கே கத்திரியை வைத்து வெட்டலாம். கண்ணை மூடினார். மகனின் கழுத்தில் விரலை வைத்தார். வியர்வை. இன்று காலையில் மழித்த தாடியின் சொரசொரப்பு. கழுத்து எலும்பு. அதற்குக் கீழே பனியனின் விளிம்பு இருக்க வேண்டும். இல்லை. வியர்வை. சொரசொரப்பு. இன்னும் கீழே. வியர்வை. தகடு எங்கே? விரல் வளைவில் இறங்கியது. ரிவிட்டு ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினார். பழுத்த கட்டி மாதிரி அமுங்கி, பிசுபிசுவென்று எதையோ கக்கியது.

மறுபடி கழுத்திலிருந்து. மெதுவாக. இணைப்பு இல்லை.

மறுபடி. இல்லை.

அவர் நாற்பத்திரண்டு வருஷத்தில் போட்ட இணைப்புகளில் இதுபோல் ஒன்று அமைந்ததில்லை.

கண்ணைத் திறக்கப் பயந்து, விரலை எடுக்காமல், காரின் ஓரமாகவே நடந்தார். விலா முடிந்தது. வால் வந்தது. வால் புதுத் தகடு, பில்லோடு வந்தது. அதில் ஒன்றும் இருக்காது. மகனிடமிருந்து ஏழடி தள்ளி நின்று, வாலின் அடிப்பக்கத்தை விரலால் வருடிப் பார்த்தார்.

முன்பக்கத்தில், சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டீபன் நெளிந்தான். சின்னப் பிள்ளையாகக் கிளுகிளுவென்று சிரித்தான்.

"ஐயோ நைனா, அங்க கை வெக்காத. கூசுது."

சாலமோன் கையை உதறினார். கண்ணைத் திறந்தார்.

வாலின் மறுபக்கம் லோகு குந்தியிருந்தான். நம்பர் தகட்டை மாட்ட வேண்டும், நாலு ஓட்டை. குறி போட்டு முடித்துவிட்டான். கையில் டிரில் மெஷின்.

"லோகு! டேய்! வேணாண்டா!"

ஜெனரேட்டர் தடதடத்தது. லோகு நிமிரவில்லை. பிட்டை வைத்து அழுத்தினான்.

வெள்ளித் தூள் பறக்கவில்லை. வெள்ளையாக, ஈரமாக, கிழங்கான் மீனின் குடல் மாதிரி ஒன்று நீளமாகச் சுருண்டு சுருண்டு வெளியே வந்து லோகுவின் மணிக்கட்டில் வழிந்தது. ஸ்டீபனின் சிரிப்பு நின்றது. வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. லோகு முகத்தைச் சுளித்து, வழிந்ததைக் கால்சட்டையில் துடைத்தான். இரண்டாவது குறியில் பிட்டை வைத்தான்.

காரின் பதினாலு அடியும், மூக்கிலிருந்து வால் வரை, மயிர்க்கால் மயிர்க்காலாகச் சிலிர்த்து எழுந்தது.