பதினெட்டாவது ஐகான்

பதினேழு ஐகான்கள்தான் செய்திருந்தாள். திரையில் பதினெட்டு இருந்தன.

அந்த நிறுவனத்துக்குப் பதினேழு கிளைகள். ஒவ்வொன்றிலும் இருக்கும் சர்வருக்குள் தலைமை அலுவலகத்திலிருந்தே நுழைந்து பழுது பார்ப்பது அவள் வேலை. நுழைவதற்கு ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையைத் திறந்து நீளமான கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்தாக வேண்டும்.

"திங்கக்கிழமை புதுசா ரெண்டு பேர் வராங்க. டபுள் கிளிக் பண்ணா நேரா உள்ள போய் நிக்கணும். அப்படி ஒரு ஷார்ட்கட் போட்டு வெச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்.

மத்தியானத்திலிருந்து அதே கதைதான். வலது கிளிக், புது ஷார்ட்கட், கட்டளை, முகவரி, பெயர். மறுபடி வலது கிளிக். கழுத்து கட்டையாக விறைத்திருந்தது. ஏசி ஒரே சுருதியில் முனகியது, சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கிலேயே தங்கிவிட்டது, சாயங்கால வெயிலில் காலி நாற்காலிகளின் நிழல்கள் தரையில் நீண்டு அவள் மேஜை வரை வந்திருந்தன. மூன்று வாரமாக மகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறாள். மூடி வைத்த தட்டில் ஆறிப்போன சாப்பாடு. திரும்பிப் படுத்திருக்கும் கணவனின் முதுகு.

பதினெட்டாவது ஐகானின் கீழே 'வீடு' என்று எழுதியிருந்தது.

தூக்கக் கலக்கத்தில் நானே போட்டிருப்பேன் என்று நினைத்தாள். மகளின் பள்ளிப் பாடம் திறக்கவில்லை என்று ஒருமுறை இங்கிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்ததுண்டு. முகவரி அதேதான். சரி, அழித்துவிடலாம்.

அழிக்கவில்லை. ஏனோ, டபுள் கிளிக் செய்தாள்.

கறுப்புத் திரை விரிந்தது. பாஸ்வேர்டு கேட்டது, அடித்தாள், விட்டது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையை விரல்கள் பழக்கத்தில் அடித்தன.

இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் அவள் பெயர்.

ஒன்று, அலுவலகத்திலிருந்து நுழைந்திருக்கும் அவள். மற்றது, வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர். ஐந்து நாற்பதிலிருந்து. இப்போது ஆறு இருபத்தைந்து. அந்த பாஸ்வேர்டை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

செல்போனில் சார்ஜ் இல்லை. அலுவலகத் தொலைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஹலோ, யாரு?"

"நான்தாங்க."



"எந்த நான்?"

"விளையாடாதீங்க. எனக்கு உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்திருக்கா?"

அவன் வாயை போனிலிருந்து திருப்பிக்கொண்டது தெரிந்தது. "ஏய், இங்க பாரேன். அச்சு அசல் உன் குரல்ல ஒருத்தி பேசறா!"

பின்னால் மகள் சிரித்தாள். வயிறு குலுங்கும் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

"அம்மா, இன்னொரு தடவை செஞ்சு காட்டும்மா!"

"இரு கண்ணு, வரேன்" என்றது ஒரு குரல்.

அவள் குரல். ஆனால் களைப்பில்லாத குரல்.

"யாருங்க?" அந்தக் குரல் அவனைக் கேட்டது.

"தெரியல. ரொம்ப அசந்துபோன மாதிரி பேசறாங்க."

"பாவம். வெச்சிடுங்க."

"வெக்காதீங்க!" என்று கத்தினாள். "பாப்பாவ கூட்டிக்கிட்டு வெளிய போங்க. இப்பவே. கேக்குதா?"

போனை எங்கோ வைத்துவிட்டான், ஆனால் அணைக்கவில்லை. காலடிகள் விலகின. அவள் எழுந்து பையை எடுத்தாள். வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும்.

திரையில் கர்சர் நகர்ந்தது.

விசைப்பலகையில் அவள் கை இல்லை.

எழுத்து எழுத்தாக வந்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

*நீ வேலையைப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்.*

தொடர்பு அறுந்தது. திரை மூடிக்கொண்டது.

காதில் ஒட்டியிருந்த ரிசீவரில் இன்னும் வீடு கேட்டது. மின்விசிறி. குழாய்ச் சொட்டு. வாசலை நோக்கிப் போகும் மெல்லிய காலடி. கதவு சாத்தப்பட்டது.

பிறகு தாழ்ப்பாள்.

அதைச் சற்றுத் தூக்கி, இடது பக்கம் தள்ளினால்தான் விழும். வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் அது கைவந்ததில்லை.

முதல் தள்ளலிலேயே விழுந்தது.