முதல் சுற்றுக்கு லாபம்

மதியம்வரை பாதையின் நடுவில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பிரகாஷ், அதற்குப் பிறகு வெளிப்பக்க ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டான். அங்கே முள்ளும் காய்ந்த பனங்கருக்கும் கிடந்தன. மரங்களை ஒட்டிய உள்பக்கம் நிழலும் மெத்தென்ற மண்ணுமாக இருக்க, அதைக் காலியாக விட்டுவிட்டு, யாருக்கோ இடம் கொடுக்கிறவனைப் போல ஓடினான்.

தண்ணீர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பிரதீபா மூன்று சுற்று அதைப் பார்த்தாள். நான்காவதில் எழுந்து நின்று பார்த்தாள்.

மலையாள எல்லையோரம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே அவர்களுடைய சொந்த மாந்தோப்பு அது. தோப்பைச் சுற்றி டிராக்டர் போகும் மண்பாதை. விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அதையே சுற்றி வந்து, ஊர் ஓட்டக்காரர் சங்கத்தின் தூர சாதனையை முறியடிப்பதுதான் அன்றைய வேலை. சாதனை சோனாவுடையது. இரண்டு வருடம் தினமும் விடியலில் அவனோடு ஓடியவள். போன ஆவணியில் கோவிந்தாபுரம் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டாள். சங்க அறையின் சாதனைப் பலகையில் முதல் வரியில் அவள் பெயர் இன்னும் இருந்தது. அவன் அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த வரியைத்தான் பார்த்தான். பிரதீபா அவனைப் பார்த்தாள்.

செத்தவளோடு சண்டை போட முடியாது. அவள் ஓடிய தூரத்தை முந்தலாம். அந்தப் பெயரை அங்கிருந்து இறக்கினால் போதும் என்றுதான் பிரதீபா இந்த ஓட்டத்துக்கே சம்மதித்தாள்.

காலையில் எல்லாம் சிரிப்பாகத்தான் தொடங்கியது. முதல் சுற்று முடித்து அவன் வந்தபோது, களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்பதற்குப் பதிலாகச் சொல்லும் பழக்கத்தில் பிரதீபா உரக்க, “லாபம்!” என்றாள்.

சங்கத்திலிருந்து சுற்று எண்ண வந்திருந்த ஷிஜி சிரித்துவிட்டாள். “சேச்சி, முதல் ரவுண்டே லாபமா? நஷ்டம் எப்ப வரும்?”

“ஒண்ணுன்னு சொன்னா ஒத்தையா நின்னு போயிருமாம். எங்கூட்ல அப்படித்தான் எண்ணுவோம்.”

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமனார் மாரப்பன் தலையைத் தூக்கினார். பூத்த மரத்துக்கு மருந்தடிக்காமல் மகன் தோப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும் எரிச்சல் அவருக்கு. “ஏம்மா, அது நெல்லுக்குச் சொல்றதாக்கும். கூடக் கொஞ்சம் வந்து சேரோணும்னு சொல்றது. மனுசன் ஓடறதுக்கு ஆராச்சும் லாபம்பாங்களா? எது வந்து சேரும்?”

“இன்னொரு மருமக வந்து சேருவாளுங்க, மாமா,” என்றாள் பிரதீபா. ஷிஜி மறுபடி சிரித்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது மலைக்கணவாயின் காற்று கிழக்கிலிருந்து வறண்டு வீசி, மாம்பூவின் புளித்த இனிப்பு வாசனையையும் புழுதியையும் வாரிக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டியது. அந்தக் காற்றில் தோப்புக்கு அந்தப்பக்கம் ஓடும் காலடிகூடத் தெளிவாகக் கேட்டது. அவனுடைய காலடியைப் பிரதீபா உறக்கத்திலும் அறிவாள், கனமானது, சீரானது. அதன் இடுக்கில் இன்னொன்று கேட்டது. இலேசானது. ஒவ்வொரு இரண்டாவது அடியிலும் தரையைச் சின்னதாகத் தேய்க்கிற ஒன்று.

அதையும் அவள் அறிவாள். இரண்டு வருடம், போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டைத் தாண்டிச் சேர்ந்து போகும் இரண்டு ஜோடிக் காலடிகளைக் கேட்டுக் கிடந்திருக்கிறாள். சோனா இடது காலை இழுத்து ஓடுவாள்.

மரங்களுக்கு இடையிலிருந்து அவன் வெளிப்பட்டான். தனியாகத்தான் வந்தான். மேசைக்கு வந்து ஒரு பாட்டிலை எடுத்தான். பிறகு இன்னொன்றையும் எடுத்தான்.

“ஏனுங்க, ரெண்டு எதுக்கு?”

அவன் முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. ஆனால் கண்களில் ஒரு மலர்ச்சி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு அந்த முகம் கிடைத்ததில்லை.

ஷிஜியின் கையில் இருந்த எண்ணும் கருவி டிக் என்றது. மறுபடி டிக் என்றது.

“ஏன் ரெண்டு தடவ அமுக்கற?”

ஷிஜி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். “ஒரு தடவதானே அமுக்கினேன், சேச்சி?”

பிறகு அவன் வேகம் குறைந்தது. கால் தளர்ந்ததால் அல்ல. தள்ளாடவில்லை, மூச்சு வாங்கவில்லை. உடன் வருகிறவளின் அடிக்குத் தன் அடியைப் பொருத்திக்கொள்கிறவன் அப்படித்தான் ஓடுவான். கல்யாணத்துக்கு மறுநாள் கோயிலுக்குப் போனபோது பிரதீபா அவன் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளுக்காக அவன் ஒருநாளும் மெதுவாக நடந்ததில்லை.

“இப்படிப் போனா ரெக்கார்டு போச்சு,” என்றாள் ஷிஜி. “வேகமா போகச் சொல்லுங்க.”

பிரதீபா பாதையோரம் போய் நின்றாள். அவன் நெருங்கினான். “போதுமுங்க. நில்லுங்க. ஊட்டுக்குப் போலாம்.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த உள்பக்கத்தை நோக்கித் தலையைச் சாய்த்து, மலையாளத்தில், கொஞ்சும் குரலில் சொன்னான். “மெல்லெ. மெல்லெ மதி.”

மெதுவாகப் போனால் போதுமாம். வீட்டில் அவன் மலையாளம் பேசியதே இல்லை. அது சோனாவோடு பேசும் மொழி.

பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் இருந்தது. அடுத்த சுற்றுக்கு அவள் பாதையில் இறங்கி, அந்தக் காலி இடத்தின் நடுவில் போய் நின்றாள். என் தோப்பு. என் புருஷன். வா.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. காற்று நின்றது.

காலடி கேட்டது. கனமானது. இலேசானது. தேய்ப்பு.

அவன் வளைவில் தெரிந்தான். அவன் பக்கத்தில் யாருமில்லை. யாருமே இல்லை. ஆனால் புழுதி இரண்டு இடத்தில் எழும்பியது.

அவள் நகரவில்லை.

ஒரு தோள் வந்து மோதியது. சூடாக. வியர்வை ஈரத்தோடு. முகத்தில் ஒரு மூச்சு. அவள் மல்லாந்து விழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காலடிகளும் மரங்களுக்குள் மங்கின.

பிறகு நின்றன.

மாரப்பனும் ஷிஜியும் டார்ச்சோடு ஓடினார்கள். பிரதீபா அவர்களுக்கு முன்னால் ஓடினாள். தோப்பின் கீழ்க்கோடியில், உதிர்ந்த பூவின்மேல் அவன் வானம் பார்த்துக் கிடந்தான். மூச்சு இல்லை. மாரப்பன் மகனின் மார்பில் அடித்து அடித்துக் கூப்பிட்டார். ஷிஜி கணக்கைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சோனா ஓடிய தூரம் சரியாக அங்கேதான் முடிந்தது. அவன் அவளை ஒரு முழம்கூட முந்தவில்லை.

அவன் வலது கை உள்பக்கமாக நீண்டு கிடந்தது. விரல்கள் எதையோ பற்றியதுபோல வளைந்திருந்தன.

பிரதீபா மண்டியிட்டு அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். உள்ளங்கையில் வெறும் காற்றுதான் தெரிந்தது. ஆனால் அவள் விரல் உள்ளே போகவில்லை. அங்கே இடமில்லை. அவன் கை குளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்தது வெதுவெதுப்பாக இருந்தது. மெலிந்த விரல்கள். ஈரம். மணிக்கட்டில் துடிப்பு.

அவள் விடவில்லை. நகம் பதிய, முழு பலத்தோடு தன் விரல்களை உள்ளே நுழைத்தாள்.

அந்த மெலிந்த கை அவசரப்படவில்லை. அவள் சுண்டுவிரலை முதலில் நெம்பி வெளியே தள்ளியது. பிறகு மோதிரவிரலை. பிறகு அடுத்ததை.