இடைவெளியில் ஒட்டிய மௌனம்

மவுஸை நகர்த்தினால் காதுக்குள் வண்டு குடைகிற சத்தம் வர வேண்டும். மூன்று வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. இன்று வரவில்லை. ஜலஜாக்ஷி ஹெட்போனைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். வெளியே சிவமொக்காவின் ஆடி மழை ஓட்டுக்கூரையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே, காதை மூடிய பஞ்சுக்குள், ஒன்றுமே இல்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தகட்டைத் திருகிக்கொண்டே நஞ்சுண்டா சிரித்தான். "மதர்போர்டோட வந்த சவுண்டு அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் சேர்த்து உங்க காதுல கொட்டிக்கிட்டிருந்துச்சு. இப்பப் போட்டது தனி கார்டு. கொசு கொட்டாவி விட்டாலும் கேக்கும்."

"கொசுவை நீயே கேட்டுக்கோ. காபி ஆறுது, குடி."

அவன் குடித்துவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மணி மூன்றரை.

ஜலஜாக்ஷியின் வேலை வாசிப்பது. மைசூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றுக்குப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிந்து அனுப்புகிறாள். அவளுடைய ஒரே மகள் பூர்விகா அங்கேதான் நான்காம் வகுப்பு. ஒன்பது வயது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாத ஆற்றாமையை வாசித்துத்தான் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. பாடத்தைத் தொடங்குமுன் கையடக்கப் பதிவுக்கருவியைப் பின்னறை மேசையில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஒரு நிமிடம் ஆளில்லாத அறையின் மௌனம் மட்டும் பதிவாகும். பிறகு வாசித்ததில் இருமல், தொண்டைச்செருமல், மூச்சு இழுப்பு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் இந்த மௌனத்தைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். வெறுமனே விட்டால் கேட்பவர் காது தடுக்கி விழும். இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள் இப்படி முடித்திருந்தாள். மூச்சுச் சத்தமே இல்லாத வாசிப்பு என்று பள்ளியில் பாராட்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்றைய பாடத்தைக் காலையிலேயே, பழைய இரைச்சலோடே வெட்டி ஒட்டி அனுப்பியாகிவிட்டது. புதிய கார்டைச் சோதிக்க நேற்றைய மௌனத்தைத் திறந்தாள்.

ஓட்டில் மழை. சமையலறையில் குளிர்பெட்டியின் முனகல். தான் கரண்டியை வைத்த சத்தம்கூடக் கதவுக்கு அப்பாலிருந்து துல்லியமாகக் கேட்டது. அட, என்று புன்னகைத்தாள்.

பிறகு ஒரு மூச்சு.

மூக்கு வழியாக, நீளமாக, உள்ளே. கொஞ்சம் நின்றது. சளி இழைய வெளியே வந்தது.

பூனையாக இருக்கும். பூனை அப்படி மூச்சு விடாது. தன்னுடையதோ? அவள் சமையலறையில் அல்லவா நின்றாள்! ஒலியைக் கூட்டினாள். இடது காதில் மட்டும் கேட்டது. மேசைக்கு இடது பக்கம் நாற்காலி கிடையாது. ஒரு சாண் தள்ளிச் சுவர்தான்.

போன மாதத்து மௌனத்தைத் திறந்தாள். அதே மூச்சு, அறையின் நடுவில். தை மாதத்தில் கதவோரம். போன வருடத்தில் எங்கோ, தோட்டத்துப் பக்கம். நாளுக்கு நாள் கிட்டே வந்திருந்தது. அவள் ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கு அறையை ஒழித்துக் கொடுத்து, கதவையும் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அப்போதுதான் ஒட்டிய துண்டுகள் நினைவுக்கு வந்தன. நேற்று அனுப்பிய பாடத்தைத் திறந்தாள்.

"மண் பல அடுக்குகளால் ஆனது." அவள் குரல். மூச்சு. "மேல் அடுக்கில் மட்கிய இலைகள் உண்டு." மூச்சு.

தன் மூச்சை வெட்டிய இடத்திலெல்லாம் அதன் மூச்சு. தன் கையாலேயே ஒட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு பாடம்.

விடுதிக்குப் போன் போட்டாள். எடுத்தது காப்பாளர் கமலம்மா.

"கமலம்மா, என் பாடம் எதையும் போடாதீங்க. இப்பவே நிறுத்துங்க."

"ஏம்மா? நாலு மணி ஆச்சுன்னா உன் பாடம் இல்லாம இதுங்க உக்காராது. கூடத்துல முப்பது பிள்ளைங்களும் வட்டமா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்குதுங்க. அடுப்புல குக்கர் இருக்கு, இந்தா, உன் மக கிட்டயே பேசு."

"கமலம்மா, இருங்க..."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"அம்மா!" பூர்விகா.

"கண்ணு, அதை அணைச்சுடு. யாரும் கேக்கக் கூடாது."

"அணைச்சாச்சும்மா. கேட்டு முடிச்சுட்டோம்."

ஜலஜாக்ஷிக்கு உயிர் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆனா அவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க."

"யாரு?"

"நீ படிக்கிறப்போ பக்கத்துல உக்காந்திருப்பாங்களே, அவங்கதான். உனக்குத் தெரியாதா?" பூர்விகா சிரித்தாள். "அவங்க இழுத்தா நாங்க இழுப்போம், விட்டா விடுவோம். தினமும் விளையாடுவோம். இன்னைக்குப் பாடத்துல புதுசும்மா. இழுத்துட்டு விடவே இல்ல."

"பூர்வி, வேண்டாம். அந்த விளையாட்டு வேண்டாம்."

"ஷ்ஷ். ஆரம்பிச்சுட்டாங்க."

கூடத்தில் முப்பது சிறு மூக்குகள் ஒரே நேரத்தில் காற்றை இழுத்தன.

பிறகு ஒன்றுமில்லை.

"விடு கண்ணு. மூச்சை விடு."

பத்து எண்ணினாள். இருபது. இணைப்பு அறுந்திருக்கவில்லை. தூரத்தில் குக்கர் கூவியது.

"கமலம்மா! யாராவது வாங்களேன்!"

அறுபது. தொண்ணூறு. கத்திக் கத்திக் குரல் பிளந்தது.

மெத்தென்று ஏதோ தரையில் சாய்ந்தது. இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

போன் கீழே விழும் சத்தம்.

"பூர்வி?"

போனுக்கு மிக அருகில், சளி இழைய, நிதானமாக, ஒரே ஒரு மூச்சு வெளியே வந்தது.