முந்நூற்றுப் பன்னிரண்டு

பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் திரையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

ஏறவே கூடாது. எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி, அடியிலுள்ள பாறையில் சின்ன விரிசல் போட்டு, பம்ப்பை அணைத்தால், பாறை அந்த விரிசலை நெரித்து மூடும், அழுத்தம் இறங்கும். மூடுகிற இடத்து எண்தான் பாறையின் இறுக்கம். அதை நம்பித்தான் மறுநாள் பெரிய அளவில் தண்ணீரைச் செலுத்துவார்கள். பதினாறு வருடமாகக் கேபினில் உட்கார்ந்து அந்த எண்ணை எழுதித் தருகிற பொறியாளர் அவள். மதிய வெயிலில் தகரக் கூரை சடசடத்தது. டீசல் புகையோடு ஈர மண் வாசனையும் ஜன்னல் இடுக்கில் நுழைந்து தொண்டையில் படிந்தது. திரையில் கோடு ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. நான்கு விநாடிக்கு ஒருமுறை. தூங்குகிறவன் மூச்சு மாதிரி.

மழை பெய்து நான்கு மாதம் ஆகிறது. ஈர மண் எங்கிருந்து வந்தது?

வாக்கி டாக்கி கரகரத்தது. "அண்ணி, பம்ப்பை நிறுத்திட்டீங்கதானே? இங்க முள்ளு ஆடுது."

கிணற்று வாயில் மீட்டர் பார்ப்பவள் தம்பி மனைவி. தம்பி செத்ததற்கு ஈடாகக் கம்பெனி போட்டுக் கொடுத்த வேலை.

"குழாய்ல காத்து இருக்கும்மா. நம்பரைச் சொல்லிட்டே இரு."

பொய். போன வருடம், இருநூறு அடி தள்ளியிருந்த கிணற்றில் அவள் இந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. கோடு இறங்கும்வரை காத்திருக்கச் சோம்பல்பட்டு, வேறொரு கிணற்றின் எண்ணைத் தூக்கிப் போட்டு, கூசாமல் கையெழுத்தும் போட்டாள் மகராசி. முந்நூற்றுப் பன்னிரண்டு. விரிசல் மேலே ஏறி வந்து தம்பி நின்ற தரையைப் பிளந்தது. உள்ளே விழுந்தவனை எடுக்க வழியில்லை என்று மேலேயே சிமென்ட் ஊற்றினார்கள். உள்ளே சத்தம் கேட்கிறது என்ற கொத்தனாரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். துக்க வீட்டில் எல்லாரையும்விட உரக்க அழுதவள் இவள்தான்.

"முந்நூத்தி நாப்பது... முந்நூத்தி இருபது..."

ஓடி வந்துவிடு என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பழைய தாள்களைப் புரட்டுவார்கள்.

பேனாவை எடுத்தாள்.

"முந்நூத்திப் பன்னிரண்டு. நின்னுடுச்சு அண்ணி. அசையவே மாட்டேங்குது."

அதே எண்.

"அண்ணி..." குரல் குழைந்தது. "அவரோட சட்டை வாசனை வருது. கீழேர்ந்து."

பொத்தான்மேல் விரல். ஒரே சொல் போதும். ஓடு. ஒரே ஒரு சொல்.

அழுத்தினாள்.

"சரிம்மா. எழுதிக்கிட்டேன்."

வெளியே 'தொப்' என்று ஒரு சத்தம். அலறல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மீட்டர் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. தம்பி மனைவி நின்ற இடத்தில் மண் மூடி, நனைந்து கிடந்தது.

திரையில் கோடு அசைந்தது. ஏறியது. இறங்கியது.

அதன் மேலேயே இன்னொரு கோடு.

இரண்டு மூச்சு. ஒன்று நிதானமாக. ஒன்று பதறிப் பதறி.

அவள் செருப்புக்கடியில் கேபின் தரை ஈரமானது. மெல்ல மேலே எழும்பியது.

இறங்கியது.

மறுபடி எழும்பியது.