பக்கத்து இருக்கை

பக்கத்து இருக்கையில் யாருமில்லை. ஆனால் அங்கே பெல்ட் போடவில்லை என்று கார் 'டிங் டிங்' என்று கத்தத் தொடங்கியது.

லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து கணவன் ரோலண்ட் பக்கத்தில் இல்லாமல் ஷரோன் ஓட்டியதே கிடையாது. அவனோ சிங்கப்பூரில் வேலையில். பண்டார் தெங்காராவில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் யோகேஸ்வரி அக்கா போனில், "பிரையனுக்கு மூச்சிழுப்பு ஜாஸ்தியாயிருச்சு. ஆம்புலன்ஸ் வர லேட்டாகுமாம். சீக்கிரம் வா லா!" என்று அழுதபோது, சாவியை எடுக்காமல் வேறென்ன செய்வாள்?

இருபுறமும் செம்பனைத் தோட்டம். அந்தி மழை கண்ணாடியில் கொட்ட, வைப்பரின் கீச்சலும் ஊறிய மட்டைகளின் வாடையும் சாலைமேல் கவிந்த இருட்டும் சேர்ந்து அவள் நெஞ்சை அமுக்கின. லாரி ஒன்று உரசிக்கொண்டு போனதும், தோட்டத்துப் பழைய இடுகாட்டருகே ஓரங்கட்டிவிட்டாள். அந்த இடத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். பாவம், அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கதறினாள்.

"தனியா முடியல... யாராச்சும் கூட வாங்களேன்!"

அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம்.

இருக்கையில் கனம் ஏறினால்தான் கத்தும். கைப்பையோ அவள் மடியில் இருந்தது. தாங்கமுடியாமல் கையை நீட்டி, அந்த வெற்று இருக்கைக்கு பெல்ட்டை மாட்டினாள். சத்தம் நின்றது. பெல்ட் மட்டும் படியவில்லை. யாரோ ஒருவரின் வயிற்றைச் சுற்றியதுபோல் உப்பி நின்றது.

ஈரமண் வாடை. ஒரு பெருமூச்சு. அவளுடையதல்ல.

திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை. பிள்ளை மட்டும். ஆச்சரியம், இப்போது கார் நேராகப் போனது.

வாசலில் காத்திருந்த யோகேஸ்வரி, பிரையனைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துக் கட்டினாள். மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது.

"அக்கா, நீங்களும் வாங்களேன்!"

"வீட்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்குது, ஷரோன். போ, போ. நல்லவேளை, துணைக்கு ஆளோட வந்துட்ட."

கதவைச் சாத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கும் அதே சாலைதான். ஷரோன் அழுத்தி ஓட்டினாள். இடுகாடு வந்தது. ஹாரன் அடித்தாள். மறுபடி அடித்தாள்.

க்ளிக்.

முன்பெல்ட் கழன்று மெல்லச் சுருண்டது.

க்ளிக்.

பின்னால். மகனுக்குப் பக்கத்தில்.

இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பிரையன் தலையைச் சாய்த்துக் கண் மூடியிருந்தான், ஒரு தோள்மேல் சாய்ந்த மாதிரி. அங்கே தோளே இல்லை.